சீனி டப்பா பரணில் இருந்த வருடம்

ஒரு வருடம் முழுக்க எங்கள் வீட்டில் சீனி டப்பா பரணில் இருந்தது. மாமனாருக்குக் காப்பி போடும்போது மட்டும் ஸ்டூல் போட்டு ஏறி எடுப்பேன். ஒரு கரண்டி போட்டுவிட்டு, சின்னவன் பார்க்காத நேரமாகப் பார்த்துத் திரும்ப வைத்துவிடுவேன். அவனுக்கு அப்போது 7 வயது, இரண்டாம் வகுப்பு. பள்ளி டைரியில் வாரத்துக்கு இரண்டு தடவையாவது சிவப்பு மையில் எழுதி வரும். இடத்தில் உட்காருவதில்லை, எழுதிக்கொண்டிருக்கும்போதே பாதியில் எழுந்து போகிறான், பக்கத்துப் பிள்ளையையும் எழுதவிடுவதில்லை. ஒரு நாள் கூப்பிட்டு அனுப்பினார்கள். போய் உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "வீட்ல ஸ்வீட் நிறையச் சாப்பிடுவானோ?"

அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. இனிப்பு சாப்பிடுவதால்தான் பிள்ளை இப்படித் துறுதுறுவென்று இருக்கிறான் என்று நானும் நம்பினேன். காரைக்குடியில் இருந்துகொண்டு இனிப்பே கண்ணில் படாமல் ஒரு பிள்ளையை வளர்க்க முடியுமா? தீபாவளி, பொங்கல் என்று இல்லை, யார் வீட்டிலாவது அறுபதாம் வயதுச் சாந்தி, கல்யாணம், புதுமனை என்றால் தூக்கு நிறையப் பலகாரம் வந்துவிடும். ஆடி மாதம் கும்மாயம், விருந்தாளி வந்தால் பால் பணியாரம், கந்தரப்பம், கவுனி அரிசி. வந்ததையெல்லாம் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டேன். பிறந்தநாளுக்கு வகுப்பில் கொடுக்கிற சாக்லேட்டைக்கூட அவன் பையில் இருந்து எடுத்துவிடுவேன். சொந்தக்காரர்கள் ஒருபடி மேலே போய், அவன் கொஞ்சம் ஓடினாலே "இன்னைக்கு யாரு சீனி குடுத்தது?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். எல்லாரும் கடைசியில் என்னைத்தான் பார்ப்பார்கள். பிள்ளைக்குச் சோறு போடுகிறவள் நான்தானே.

ஒரு நாள் சாயங்காலம் வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தவன், நாலு வரி எழுதுவதற்குள் ஆறு தடவை எழுந்துவிட்டான். நான் சத்தம் போடக்கூட இல்லை, பார்த்தேன், அவ்வளவுதான். பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்: "நான் இன்னைக்கு சீனியே சாப்பிடலையேம்மா. அப்புறம் ஏன் என்னால உக்கார முடியல?"

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் மருத்துவம் படித்தவள் இல்லை. இங்கே அழகப்பா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. முடித்தவள், ஒரு ஆய்வுக் கட்டுரையை எடுத்தால் எத்தனை பேரை வைத்துப் பார்த்தார்கள், எதோடு எதை ஒப்பிட்டார்கள் என்று பார்க்கத் தெரியும். அதைக்கூடச் செய்யாமல் ஒரு வருடம் பிள்ளையை வாட்டியிருக்கிறேனே என்று அன்றைக்குத்தான் உறைத்தது. பிள்ளைகள் தூங்கியபின் தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து படித்தேன். இந்தப் பதிவு அந்தப் படிப்பில் இருந்தும், அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததில் இருந்தும் வந்தது.

சீனியில் இருந்தே ஆரம்பிக்கிறேன். 1994இல் அமெரிக்காவில் மார்க் வோல்ரைச் என்ற குழந்தை மருத்துவரின் குழு ஒரு சோதனை செய்தது. சாதாரணப் பிள்ளைகள் 25 பேர், "சீனி சாப்பிட்டால் எங்கள் பிள்ளை தாறுமாறாகிவிடுவான்" என்று பெற்றோர் சொன்ன பிள்ளைகள் 23 பேர். மும்மூன்று வாரமாக ஒரு கட்டத்தில் சீனி நிறைய உள்ள சாப்பாடு, இன்னொரு கட்டத்தில் சீனிக்குப் பதில் ஆஸ்பர்டேம் என்ற செயற்கை இனிப்பு, மற்றொன்றில் சாக்கரின் என்ற இன்னொரு செயற்கை இனிப்பு. எந்த வாரத்தில் எது என்று குடும்பத்துக்கும் தெரியாது, பிள்ளையைச் சோதித்தவர்களுக்கும் தெரியாது. நடத்தையிலும் சரி, படிப்பிலும் சரி, சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் வரவில்லை. அடுத்த வருடம் அதே மருத்துவர், இப்படிக் கண்ணைக் கட்டிச் செய்த 23 சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார். அதிலும் அதே விடைதான்.

இதைப் படித்துவிட்டு நான் நம்பவில்லை. கண்ணால் பார்த்தவள் இல்லையா நான். ஆனால் அதே 1994இல் வந்த இன்னொரு ஆய்வைப் படித்ததும் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ஹூவர், மிலிச் என்ற இருவர் செய்தது. 5 முதல் 7 வயதுள்ள 35 பையன்கள், எல்லாருமே "சீனி ஆகாதவர்கள்" என்று அம்மாக்களால் சொல்லப்பட்டவர்கள். அத்தனை பேருக்கும் சீனியே இல்லாத இனிப்பு பானத்தைத்தான் கொடுத்தார்கள். ஆனால் பாதி அம்மாக்களிடம் "உங்கள் பிள்ளைக்கு நிறையச் சீனி கொடுத்திருக்கிறோம்" என்று சொன்னார்கள். அப்புறம் அம்மாவையும் பிள்ளையையும் ஒரே அறையில் விளையாடவிட்டு வீடியோ எடுத்தார்கள். சீனி கொடுத்ததாக நம்பிய அம்மாக்கள், பிள்ளை அதிகமாகத் துள்ளுவதாக மார்க் போட்டார்கள். அது மட்டுமா, அவர்கள் பிள்ளையை ஒட்டியே உட்கார்ந்தார்கள், அதிகமாகக் குறை சொன்னார்கள், பிள்ளை மேலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. வீடியோவில் இருந்த அந்த அம்மா நான்தான் என்று தோன்றியது. கல்யாண வீட்டில் அவன் ஒரு லட்டு எடுத்துவிட்டால், அடுத்த இரண்டு மணி நேரம் என் கண் அவனையே சுற்றிக்கொண்டிருக்கும். அவன் எழுந்தால் "பார்த்தீர்களா" என்பேன். லட்டு சாப்பிடாத நாளிலும் அவன் அதே அளவுக்கு எழுந்திருப்பான், அன்றைக்கு நான் எண்ணியிருக்க மாட்டேன்.

சரி, நம் வீட்டிலேயே பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். என் மாமியாரிடம், அதாவது பிள்ளைகளின் அப்பத்தாவிடம், விஷயத்தைச் சொன்னேன். அத்தைக்கு ஆய்வு, கட்டுரை எல்லாம் தெரியாது, ஆனால் உடனே புரிந்துகொண்டார். "உனக்குத் தெரியாம நான் குடுக்கணும், அம்புட்டுத்தானே?" பள்ளி விட்டு வந்ததும் சின்னவனை வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டுக்குக் கூட்டிப்போய், பூவா தலையா போட்டு, பூ விழுந்தால் வெல்லப் பணியாரம், தலை விழுந்தால் காரப் பணியாரம். வாயைக் கொப்பளித்துவிட்டு அனுப்புவார். எது கொடுத்தார் என்று அவர் ஒரு காலண்டரில் குறித்துக்கொள்வார். நான் இரவு ஏழு மணிக்கு, பத்துக்கு எத்தனை மார்க் துறுதுறுப்பு என்றும், இன்றைக்கு இனிப்பா காரமா என்ற என் ஊகத்தையும் ஒரு நோட்டில் எழுதுவேன். சின்னவனுக்கும் சொல்லியிருந்தோம், அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று. நாலு வாரம் அந்தப் பிள்ளை வாயைத் திறக்கவில்லை. எதையும் மனதில் நிறுத்த முடியாதவன் என்று டைரியில் எழுதப்பட்ட பிள்ளை.

20 நாள். இரண்டையும் வைத்துப் பார்த்தோம். இனிப்பு நாளுக்கும் காரத்து நாளுக்கும் மார்க்கில் வித்தியாசமே இல்லை. என் ஊகம் 11 நாள் சரி, 9 நாள் தப்பு. கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருந்தாலும் ஏறத்தாழ அவ்வளவுதான் வந்திருக்கும். ஒரு வீட்டில் ஒரு பிள்ளையை வைத்துப் பார்த்ததை விஞ்ஞானம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் என் கண்ணை நான் எவ்வளவு நம்பலாம் என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது அதுதான். அன்றே சீனி டப்பா பரணில் இருந்து இறங்கியது. பல்லுக்கும் எடைக்கும் இனிப்பு கெடுதல்தான், அதில் மாற்றுக் கருத்து இல்லை, அளவாகத்தான் கொடுக்கிறோம். கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் வேறு என்று நினைக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன், அவையும் சர்க்கரைதான்.

அடுத்து வண்ணம். இதைச் சீனியோடு சேர்த்துத் தள்ளிவிட முடியாது. 1973இல் அமெரிக்காவில் பென் ஃபைன்கோல்ட் என்ற ஒவ்வாமை மருத்துவர்தான் முதலில், செயற்கை வண்ணங்களும் வாசனைப் பொருள்களும் பிள்ளைகளின் துறுதுறுப்புக்குக் காரணம் என்று பெரிதாகப் பேசினார். அவர் சொன்ன அளவுக்கு அடுத்தடுத்த சோதனைகளில் நிற்கவில்லை. ஆனால் முழுக்கப் பொய் என்றும் ஆகவில்லை. 2007இல் இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் 3 வயதுப் பிள்ளைகள் 153 பேர், 8–9 வயதுப் பிள்ளைகள் 144 பேரை வைத்து, வண்ணங்களும், சோடியம் பென்சோவேட் என்ற கெட்டுப்போகாமல் வைக்கிற பொருளும் கலந்த பானம், எதுவும் கலக்காத அதே மாதிரிப் பானம் என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். இவர்கள் நோய் என்று சொல்லப்பட்ட பிள்ளைகள் இல்லை, ஊரில் இருக்கிற சாதாரணப் பிள்ளைகள். வண்ணம் கலந்த வாரங்களில் சராசரியாகக் கொஞ்சம் துறுதுறுப்பு கூடியது. கொஞ்சம்தான். பிள்ளைக்குப் பிள்ளை வேறுபாடும் நிறைய. அதன் பிறகுதான் 2010 ஜூலையில் இருந்து ஐரோப்பாவில், அந்த ஆய்வில் பார்த்த ஆறு வண்ணங்களில் எது இருந்தாலும் "பிள்ளைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கலாம்" என்று பாக்கெட்டில் எச்சரிக்கை போட வேண்டும் என்று சட்டம் வந்தது. நம் ஊரில் அந்த எச்சரிக்கை கிடையாது. அந்த ஆறில் நான்கு வண்ணங்கள் இங்கே அனுமதி பெற்றவை: டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, கார்மோய்சின், பான்சோ 4ஆர். பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் 102, 110, 122, 124 என்ற எண்களாக இருக்கும். கடையில் நின்று படிக்கக் கண்ணாடி வேண்டும், அவ்வளவு பொடி.

இதைப் படித்தபின் ஒரு நாள் அடுப்படியில் நின்று யோசித்துப் பார்த்தேன். தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை, மாவுருண்டை, அதிரசம், உக்காரை, எதிலாவது வண்ணம் போடுகிறோமா? கவுனி அரிசியின் கறுப்புச் சிவப்பு அரிசியோடு பிறந்தது. நம் பலகாரம் எதற்கும் கேசரிப் பவுடர் வேண்டியதில்லை. அது கேசரிக்கும் ஜாங்கிரிக்கும் கடைப் பண்டத்துக்கும்தான் வந்து சேர்ந்தது. பிள்ளைகளுக்குப் பயந்து கந்தரப்பத்தைப் பூட்டி வைத்துவிட்டு, மஞ்சள் ஜெல்லியையும் ஆரஞ்சு நிறச் சிப்ஸையும் "இதில் இனிப்பு இல்லையே" என்று கொடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது கேசரிக்குக் குங்குமப்பூ இருந்தால் ஒரு சிட்டிகை, இல்லையென்றால் வெள்ளைக் கேசரி. சின்னவன் முதலில் முகம் சுளித்தான், மூன்றாவது தடவை கேட்டு வாங்கினான். வண்ணத்தை நிறுத்தியதால் எங்கள் பிள்ளையிடம் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அதை நிறுத்துவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை, எந்தச் சத்தும் குறையப் போவதில்லை.

திருவிழாக் கடையில் விற்கிற ரோஸ் நிறப் பஞ்சு மிட்டாய் வேறு கதை, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அதில் இருந்தது ரோடமின் பி, துணிக்குப் போடுகிற சாயம். உணவில் சேர்க்க அதற்கு அனுமதி கிடையாது. அதனால்தான் 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டது. அங்கே கவனம், துறுதுறுப்பு என்று பேச்சே இல்லை, அது விஷம்.

இந்த நேரத்தில் ஒருவர் எங்களிடம் ரத்தத்தில் உணவு ஒவ்வாமைப் பரிசோதனை எடுக்கச் சொன்னார், 8,000 ரூபாய். எடுத்தோம். கோதுமை, பால், முட்டை, நிலக்கடலை, இன்னும் என்னென்னவோ சேர்த்து நீளமாக ஒரு பட்டியல் வந்தது, அத்தனையும் நிறுத்த வேண்டுமாம். இரண்டு மாதம் நிறுத்தினோம், பிள்ளை ஒன்றரைக் கிலோ இளைத்துப்போனான். பாலையும் கோதுமையையும் திரும்பக் கொடுக்க ஆரம்பித்தோம், முட்டையை மட்டும் கொடுக்கவில்லை. பிறகுதான் 2011இல் வந்த, நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் 100 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வைப் படித்தேன். அரிசி, சில காய்கள், இறைச்சி, பேரிக்காய், தண்ணீர் என்று மிகக் குறைந்த உணவில் ஐந்து வாரம் வைத்தபோது அந்தச் சாப்பாட்டில் இருந்த 50 பேரில் 32 பேருக்கு நல்ல மாற்றம் தெரிந்தது உண்மைதான், ஆனால் பெற்றோருக்கு என்ன நடக்கிறது என்று தெரியும், என் லட்டுக் கதை அங்கேயும் நடந்திருக்கலாம். முக்கியமான விஷயம், எந்த உணவு ஒத்துவராது என்பதை ரத்தத்தில் ஐஜிஜி என்ற எதிர்ப்புப் பொருளை அளக்கிற பரிசோதனையால் சொல்ல முடியவில்லை என்று அதே ஆய்வு சொல்லிவிட்டது. நாங்கள் எடுத்ததும் அதே பரிசோதனைதான். தயவுசெய்து ஒரு ரத்தப் பரிசோதனைத் தாளை வைத்துக்கொண்டு வளர்கிற பிள்ளைக்குப் பாலையும் முட்டையையும் நிறுத்தாதீர்கள். குறிப்பிட்ட ஒன்றைச் சாப்பிட்டால் ஒத்துவரவில்லை என்று உறுதியாகத் தோன்றினால் நோட்டுப் போட்டு எழுதுங்கள், அந்த நோட்டோடு மருத்துவரிடமும் உணவு நிபுணரிடமும் போங்கள். 2018இல் வந்த பிரிட்டிஷ் வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. எல்லாப் பிள்ளைக்கும் பொதுவாக ஒரு பத்தியம் என்று அவர்கள் வைக்கவில்லை.

பிள்ளை இளைத்ததைப் பார்த்துப் பயந்துதான் மதுரைக்கு ஒரு குழந்தை மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அவர் சீனியைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவன் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். "மண்ணு, சாக்பீஸ், அரிசி, இப்படி ஏதாவது திம்பானா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பலகாரத்துக்கு அரிசி கழுவி முற்றத்தில் காயப்போட்டால், இவன் பக்கத்தில் உட்கார்ந்து கை கையாக அள்ளித் தின்பான். "அரிசி தின்னா கல்யாணத்தன்னைக்கு மழை பெய்யும்டா" என்று எல்லாரும் அவனிடம் சொல்லியிருக்கிறோம், நானும் சொல்லியிருக்கிறேன். அது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம் என்று எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. "தூங்கும்போது காலை உதறுவானா?" என்பது அடுத்த கேள்வி. இரவெல்லாம் உதறுவான், பெரியவள் அவன் பக்கத்தில் படுக்கவே மாட்டாள். அதுவும் இரும்போடு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம் என்றார்.

ரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் 9.9. ஃபெரிட்டின் 8. இரண்டுமே குறைவு. ஃபெரிட்டின் என்பது உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுகிற அளவு. ஹீமோகுளோபினை நாம் கையில் உள்ள காசு என்று வைத்துக்கொண்டால் ஃபெரிட்டின் பெட்டியில் உள்ள பணம். பெட்டி காலியாகிக்கொண்டே இருக்கும், கையில் காசு இருப்பதால் வெளியே தெரியாது. அதனால் ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது என்றார் மருத்துவர். காய்ச்சல், சளி இருக்கும்போது ஃபெரிட்டின் உயர்ந்து காட்டும், அப்போது எடுத்தால் ஏமாந்துவிடுவோம் என்பதையும் அவர்தான் சொன்னார்.

இதற்கும் கவனத்துக்கும் என்ன தொடர்பு? மூளையில் டோபமைன் என்ற ஒரு பொருள் சுரக்கிறது, ஒரு வேலையில் மனதை நிறுத்த அது வேண்டும். அதைத் தயாரிக்கிற நொதி இரும்பு இல்லாமல் வேலை செய்யாது. 2004இல் பிரான்ஸில் கவனக்குறைவும் துறுதுறுப்பும் உள்ள 53 பிள்ளைகளையும், அந்தப் பிரச்சினை இல்லாத 27 பிள்ளைகளையும் பார்த்தார்கள். முதல் குழுவில் 84 சதவீதத்தினருக்கு ஃபெரிட்டின் 30க்குக் கீழே, இரண்டாவது குழுவில் 18 சதவீதம்தான். நாலு வருடம் கழித்து அதே குழு, ஃபெரிட்டின் குறைந்த 23 பிள்ளைகளில் சிலருக்கு இரும்பு மருந்தும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் 12 வாரம் கொடுத்துப் பார்த்ததில் இரும்பு கிடைத்தவர்களிடம் முன்னேற்றம் தெரிந்தது. 23 பேர் என்பது மிகச் சின்ன எண்ணிக்கை, மற்ற நாட்டு ஆய்வுகள் எல்லாம் இதையே சொல்லவும் இல்லை. ஆனால் நம் ஊர் நிலைமையைப் பாருங்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 59 மாதம் வரை உள்ள பிள்ளைகளில் 57.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. நூற்றுக்கு 57 பிள்ளைகள். இப்படிப்பட்ட ஊரில் உட்கார மாட்டேன் என்கிற பிள்ளையைப் பார்த்ததும் லட்டைப் பற்றிக் கேட்கிறோம், இமையை இழுத்துப் பார்ப்பதில்லை. எனக்குக் கோபம் வருவது இதில்தான்.

மருத்துவர் எங்கள் வீட்டுச் சாப்பாட்டை வரிசையாகக் கேட்டார், அப்போதுதான் நான் செய்துகொண்டிருந்தது எனக்கே தெரிந்தது. காலையில் வேன் 7.40க்கு. எழுந்ததும் டீயும் இரண்டு பிஸ்கட்டும், இட்லி வைத்தால் ஒன்று பாதி. டீயில் இருக்கிற துவர்ப்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேரவிடாது. நாளுக்கு மூன்று டம்ளர் பால், உயரம் வளர வேண்டும் என்று அதில் ஒரு பவுடர். பால் வயிற்றை நிறைத்துவிடும், அதில் இரும்பு கிட்டத்தட்ட இல்லை, கால்சியம் வேறு மற்றதையும் சேரவிடாது. ஒவ்வாமைப் பட்டியலைப் பார்த்து முட்டையை நிறுத்தியிருந்தோம், கறி வாரத்துக்கு ஒரு நாள், அதிலும் அவன் குழம்பு மட்டும்தான் ஊற்றிக்கொள்வான்.

மருந்து சிரப் ஆரம்பித்தோம், அளவும் காலமும் மருத்துவர் சொன்னபடி. இதை அழுத்திச் சொல்கிறேன், பரிசோதனை செய்யாமல் கடையில் போய் இரும்புச் சிரப் வாங்கிக் கொடுக்காதீர்கள், அளவு கூடினால் பிள்ளைக்கு ஆபத்து. பாட்டில் எட்டாத இடத்தில் இருக்கட்டும். எங்கள் வீட்டில் பரணில் சீனி இருந்த இடத்தில் இப்போது அதுதான் இருக்கிறது. பூச்சி மாத்திரையும் கொடுத்தோம். பள்ளிகளில் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளை ஒட்டி அல்பெண்டசோல் கொடுக்கிறார்களே, அதை "எங்கள் பிள்ளைக்கு வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தவள் நான். கொக்கிப்புழு குடலில் இருந்து ரத்தத்தை உறிஞ்சும் என்று அப்போது யோசிக்கவில்லை.

சாப்பாட்டில் அத்தை கை கொடுத்தார். சுவரொட்டி. ஆட்டு மண்ணீரல். கறிக்கடையில் சொல்லிவைத்து வாங்கிவந்து, சுட்டு, மிளகும் உப்பும் போட்டு, "எங்க காலத்துல புள்ள பெத்தவளுக்கு இதான் குடுப்போம்" என்று அவனுக்கு ஊட்டினார். கறியில் இருக்கிற இரும்பு, கீரையில் இருப்பதைவிடச் சுலபமாக உடம்பில் சேரும். வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரை முட்டை போட்டு. பருப்பு, கீரை எது செய்தாலும் சாதத்தில் எலுமிச்சை பிழிந்து கொடுப்பேன், இல்லையென்றால் ஒரு நெல்லிக்காய், வைட்டமின் சி இருந்தால் கீரை இரும்பும் கொஞ்சம் கூடுதலாகச் சேரும். டீ முழுசாக நின்றது. பால் ஒரு டம்ளர், அதுவும் சாயங்காலம். தொண்டிப் பக்கமிருந்து மீன் வருகிற நாளில் மத்தி கிடைத்தால் வாங்குவேன். மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா 3 கவனத்துக்கு உதவும் என்பதில் உண்மை உண்டு, ஆனால் சிறிய அளவில்தான், அதற்காக விலை கூடிய மாத்திரை வாங்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

காலைச் சாப்பாட்டைச் சரிசெய்யத்தான் ரொம்பக் கஷ்டப்பட்டேன். அரை மணி நேரம் முன்னால் எழுப்ப வேண்டும், அதற்கு முன்னால் அரை மணி நேரம் சீக்கிரம் தூங்க வைக்க வேண்டும், அதற்கு ஒன்பது மணிக்கு வீட்டில் டிவியை நிறுத்த வேண்டும். பெரியவர்கள் இருக்கிற வீட்டில் டிவியை நிறுத்துவது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். மாமனார்தான் முதலில் ரிமோட்டைக் கீழே வைத்தார். டைரியில் வந்த புகார்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன், பாதிக்கு மேல் மதியச் சாப்பாட்டுக்கு முந்தின பாடவேளையில் நடந்தவை. ஒரு டீ, இரண்டு பிஸ்கட்டோடு போன பிள்ளை பதினொரு மணிக்கு எப்படி உட்கார்ந்திருப்பான்? 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் ஆரம்பித்து, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சூடாகச் சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போகிறார்கள் பிள்ளைகள். காசு கட்டிப் படிக்கவைக்கிற என் பிள்ளை பட்டினியோடு போய்க்கொண்டிருந்தான்.

நாலு மாதம் கழித்து ஃபெரிட்டின் 34. அரிசி தின்பது இரண்டாவது மாதமே நின்றுவிட்டது, யாரும் தடுக்காமல் தானாக. கால் உதறல் குறைந்தது, பெரியவள் மறுபடி அவன் பக்கத்தில் படுக்கிறாள். காலையில் எழுந்ததும் இருந்த எரிச்சலும் அழுகையும் போயின. டைரியில் சிவப்பு மை வாரத்துக்கு இரண்டில் இருந்து மாதத்துக்கு மூன்றாகக் குறைந்தது.

ஆனால் நிற்கவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவளாவேன். சாப்பாட்டைச் சரிசெய்ததும் பிள்ளை மாறிவிட்டான் என்று முடிக்கிற பதிவுகளை நானே எத்தனையோ படித்து ஏமாந்திருக்கிறேன். இரும்பு நிறைந்தது, தூக்கம் வந்தது, வயிறு நிறைந்தது, அதற்குப் பிறகும் வீட்டிலும் வகுப்பிலும் அவனால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. அதனால் அடுத்து முறையாகப் பார்க்கச் சொன்னார்கள். ஒரே நாளில் சொல்லிவிடவில்லை. வீட்டில் எப்படி, பள்ளியில் எப்படி, எத்தனை மாதமாக, எந்த வயதில் இருந்து என்று இரண்டு பக்கமும் கேட்டு, படிவங்கள் நிரப்பி, கடைசியில் ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவும் துறுதுறுப்பும் சேர்ந்த நிலை, என்றார்கள். பெரும்பாலும் பரம்பரையாக வருவது என்றும் சொன்னார்கள். அதைக் கேட்டதும் அத்தை என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். "இவனும் இப்படித்தான், பள்ளிக்கூடத்துல கட்டி வச்சு அடிச்சாக" என்றார். வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு வெகுநேரம் சின்னவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

இப்போது பெற்றோருக்கான பயிற்சிக்கு மாதம் இரண்டு முறை போகிறோம், வகுப்பில் முன் வரிசையில் உட்கார வைக்கிறார்கள், வீட்டுப்பாடத்தைப் பத்துப் பத்து நிமிடமாக உடைத்துச் செய்கிறான். மாத்திரையும் எடுக்கிறான், அதைப் பற்றிக் கேட்கிறவர்கள் நிறைய, தனியாக எழுதுகிறேன். எனக்கு ஆறாதது அந்த ஒரு வருடம்தான். பரணில் டப்பாவை வைத்துக்கொண்டு நான் சீனியை விரட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவன் ரத்தத்தில் இரும்பு இல்லை, தூக்கம் இல்லை, தன் மேலேயே தப்பு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தான். போன மாதம் அவனிடம் உட்கார்ந்து சொன்னேன், "அது சீனியாலயும் இல்ல, உன்னாலயும் இல்லடா." "எனக்குத் தெரியும், அப்பத்தா அப்பவே சொன்னாக" என்றான். பணியாரம் கொடுத்த அந்த நாலு வாரத்தில் சொல்லியிருக்கிறார்.

சென்ற வாரம் கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம். முகப்பில் இருந்து வளவு, வளவில் இருந்து இரண்டாம் கட்டு என்று அவ்வளவு நீள வீட்டில் பதினைந்து பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள், நடுவில் இவனும். இலையில் கந்தரப்பம் வைத்திருந்தார்கள், இரண்டு சாப்பிட்டிருந்தான். தூணில் மோதப் பார்த்தவனைப் பிடித்து நிறுத்திய ஒரு ஆச்சி, "சீனி கூடிப்போச்சு புள்ளைக்கு" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை பந்தியில் இருந்தே பதில் சொன்னார்.

"சீனியெல்லாம் இல்லத்தா. முகூர்த்தத்துக்கு விடியக்காலம் மூணு மணிக்கு எழுப்பிக் கூட்டியாந்தோம். தூக்கம் கெட்ட புள்ள வேற எப்படி இருக்கும்? விடுங்க, ஓடட்டும்."

பதினொரு மணிக்கு அவனைத் தேடிப்போனேன். பட்டாலைக் கூடத்தில் வெறும் தரையில், காலை உதறாமல் தூங்கிக்கொண்டிருந்தான், கையில் பாதி கடித்த மூன்றாவது அப்பம்.